நாயைப் பிடிச்சுக்கிட்டேன், வாங்க

பகலில் நட்சத்திரம் கிடையாது என்று யாராவது சொன்னால் டெட்டர் பள்ளத்தாக்கில் சிரிப்பார்கள். அங்கே மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கிற ஒரு வெள்ளைத் தட்டு நிற்கிறது. ஊர்த் தேவாலயத்தை மணிக்கூண்டோடு பெயர்த்து அதற்குள் வைத்தாலும், பக்கத்தில் பாதிரியார் வீட்டுக்கும் இடம் மிச்சமிருக்கும். அத்தனை பெரிசு. நட்டநடுப் பகலில் அது மெல்லத் திரும்பி, ஒன்றுமே இல்லாத நீல வானத்தின் ஏதோ ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மாடுகள் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. லென்னார்ட் க்விஸ்ட் மட்டும் அது திரும்பும்போதெல்லாம் கையிலிருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். அந்தத் தட்டோடேயே தலை நரைத்த மனிதர் அவர்.

“அங்க யாரோ இருக்காங்க வெல்டா. வெயில் மறைக்குது, அவ்வளவுதான்,” என்பார்.

“இருந்துட்டுப் போகட்டும். நீ பாலைக் கொட்டாம வா,” என்பாள் வெல்டா.

வெல்டா அவர் மனைவி. தட்டைத் திருப்பியவளும் அவள்தான். விஞ்ஞானிகள் இங்கே காட்டு, அங்கே காட்டு என்று வாயால் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அத்தனை டன் இரும்பையும் நூல் பிசகாமல் வானத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அவள் கை. வேறெந்த உலகத்திலாவது புத்தியுள்ள ஜீவன் இருக்கிறதா, இருந்தால் நம்மிடம் ஒரு வார்த்தை பேசாதா என்று காது கொடுத்துக் கிடப்பதுதான் லென்னார்டின் தொழில். இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று அவள் தம்பி ஓக்கி ஆரம்பத்தில் கேட்டான். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அங்கிருந்து வரக்கூடிய சத்தமோ இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசு. அதனால் பள்ளத்தாக்கு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. செல்போன் கிடையாது, மைக்ரோவேவ் அடுப்பு கிடையாது, தட்டுக்குப் பக்கத்தில் மின்பொறி பறக்காத டீசல் வண்டி தவிர வேறெதுவும் போகக் கூடாது. தட்டு பிடிப்பது ரேடியோ அலையைத்தான், மனிதர் பேசுவதை அல்ல என்று லென்னார்ட் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் அதன் அடியில் நடக்கும்போது ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். “சரிங்க புரபசர், இனிமே சத்தமாவே பேசுறோம்” என்பதையும் கிசுகிசுப்பாகவே சொல்கிற ஜனத்தை என்ன செய்வது?

அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. மினசோட்டாச் சமவெளியிலிருந்து வந்தவர். மலைப் பழக்கம் எதுவும் தெரியாது. இளவயதில், வெல்டா வீட்டு மின்வேலி தட்டில் கரகரவென்று கேட்கிறது என்று சொல்ல வந்தார். மலையில் ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “ஹோ... வீட்டுல யாரு?” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து, “நாயைப் பிடிச்சுக்கிட்டேன், வாங்க” என்று பதில் வந்தால்தான் காலை உள்ளே வைக்கலாம். பதில் வரவில்லை என்றால் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டும். லென்னார்ட் கழுத்தில் டை எல்லாம் கட்டிக்கொண்டு, நேரே உள்ளே நடந்து போய்ப் படியேறினார். நாய் அவருடைய ஆடுசதையைக் கவ்விக்கொண்டது. வெல்டாவின் அப்பா துப்பாக்கியும் கையுமாக வெளியே வந்து, “படிச்சவன் மாதிரி தெரியுது. கேட்ல நின்னு கூப்பிடக்கூடவா சொல்லித் தரல?” என்றார். புண்ணைக் கழுவி விட்டது வெல்டா. அந்தக் கல்யாணத்தை நாய் பார்த்து முடித்து வைத்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தக் கடியை லென்னார்ட் லேசில் மறக்கவில்லை. அதை வைத்தே ஒரு தத்துவம் பண்ணிவிட்டார்.

“ஏன் யாரும் நம்மகிட்டப் பேசலேன்னு உலகமே கேக்குது வெல்டா. அவங்க நல்ல மனுஷங்க, அதான் காரணம். கேட்லயே நிக்கிறாங்க. ஒரு குரல் குடுத்திருப்பாங்க. நாயைப் பிடிச்சுக்கிட்டோம்னு நம்ம பக்கத்துலருந்து யாரும் சொல்லல.”

“நம்ம நாய் எது?”

“நம்மகிட்ட நாய்க்கா பஞ்சம்? நீ செய்தியே பாக்குறதில்லையா?”

வெல்டா சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை, மலைக்கு மேலே வானம். அந்த வானத்தின் வேலியோரம் யாரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வருமா என்று நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். எத்தனை காலமாக நிற்கிறார்களோ, கால் வலிக்காதா என்று அவளுக்குத் தோன்றியது.  அன்றைக்குப் பாத்திரம் கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலையில் லென்னார்ட் கறார். ஒரு காலத்தில் ஏதோ கேட்டவுடனே “வந்துட்டாங்க” என்று பத்திரிகைக்காரனிடம் வாயை விட்டு, அது தலைக்கு மேலே சுற்றிய செயற்கைக்கோள் என்று தெரிந்து, ஊர் சிரிக்க மூக்குடைபட்டவர். அதற்குப் பிறகு ஒரே சட்டம்தான். ஏதாவது கேட்டால் நம்பாதே. தட்டை அங்கிருந்து வேறு பக்கம் திருப்பு. திருப்பின பிறகும் சத்தம் நிற்கவில்லையா, அது நம்முடைய சத்தம். எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டிருக்கிற நம் குப்பை. தள்ளு. நின்றுபோனால், மறுபடி பழைய இடத்துக்கே திருப்பு. மறுபடியும் அதே இடத்தில் அதே சத்தம் கேட்டால் அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே. வெல்டாவின் கை வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தது. பார், திரும்பு, பார். ஒரு தடவைகூட மூன்றாவது பார்வையில் எதுவும் காத்திருந்ததில்லை. அதற்காக அவர் ஒரு நாளும் மனம் சோர்ந்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

இருவரும் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் லென்னார்டுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாமான்களின் பெயர் போயிற்று. பிறகு கிழமை போயிற்று. ஒரு கோடை முடிந்தபோது அவர் நினைவிலிருந்து வெல்டாவே போய்விட்டாள். காலையில் காபியைக் கொடுத்தால், “ரொம்ப நன்றி மேடம்” என்பார். “நான் வெல்டா, லென். உன் பொண்டாட்டி,” என்பாள் அவள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கலவரம் வரும். “அப்படிங்களா” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கண்ணால் வாசலைத் தேடுவார். அதற்காக அவள் சொல்லாமல் இருந்துவிடவும் இல்லை. தினமும் சொன்னாள். சொன்னபின் தினமும் கொட்டகைக்குப் போய் அழுதாள். அவர் வாயால், அவராகவே, ஒரே ஒரு தடவை வெல்டா என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் அவளுக்குக் கடவுளிடம் கேட்க ஒன்றுமில்லை. தட்டு திரும்பினால் மட்டும் அவர் பழைய லென்னார்டாகவே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மனைவியைக் கொண்டுபோன நோய் வானத்தைத் தொடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நவம்பரில் ஒரு காலை, வெல்டா விறகெடுக்கப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. கேட்டும் திறந்து கிடந்தது. லென்னார்டின் கோட்டு ஆணியில் தொங்கியது. வீட்டுச் செருப்பை மட்டும் காணோம்.

சாயங்காலம் பெரிய பனி வரப்போகிறது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். மலையில் நவம்பர் பனியில் கோட்டில்லாத கிழவர் ஓர் இரவு தாங்க மாட்டார். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர் ஹார்லன் டில்லி. பகலில் மரம் அறுக்கும் மில் நடத்துகிறவர், நல்ல மனிதர். ஒரு மணி நேரத்துக்குள் ஊரையே மலையடிவாரத்தில் திரட்டிவிட்டார். வண்டிகளில் சைரன் அலறியது. கையில் ஒலிபெருக்கியோடு ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். ஓக்கி தன் கரடிவேட்டை நாய்களைக் கொண்டுவந்தான். “லென்னார்ட்!”, “புரபசர்!” என்று மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓயாமல் சத்தம். அத்தனை காலம் வாயைப் பொத்தியிருந்த ஊர் அன்றைக்குத்தான் தொண்டையைத் திறந்தது.

“புரபசருக்கு இந்த மலையில எது எங்க இருக்குன்னு தெரியாது வெல்டா,” என்றான் ஓக்கி. “வானத்துல கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவாரு.”

“பேசாம நாயைப் பாருடா.”

“நாய்ங்க ஓடை வரைக்கும் வந்துச்சுங்க. தண்ணியில வாசனை போயிடுச்சு.”

அவன் கண் சிவந்திருந்தது. வாய்தான் கேலி பேசும். அக்கா வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சவரம் செய்து விடுகிறவன் அவன்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. நான்கு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஓக்கி நாய்களோடு மேலேயிருந்து ஓடி வந்து வெல்டாவையும் ஹார்லனையும் கூட்டிக்கொண்டு போனான். ஓடைக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே ஒரு திறந்த இடம். விடியற்காலையில் விழுந்த மெல்லிய பனி அங்கே இன்னும் கரையாமல் இருந்தது. அதில் வீட்டுச் செருப்பின் தடம் பதிந்திருந்தது.

“இங்க ரொம்ப நேரம் நின்னிருக்காரு,” என்றார் ஹார்லன். “இந்தப் பக்கம் ரோடு. நம்ம ஆளுங்க கத்திக்கிட்டு இருந்த இடம். இதோ, அதைப் பாத்து நின்னிருக்காரு. அப்புறம் முதுகைக் காட்டி நின்னிருக்காரு. மறுபடி இந்தப் பக்கம். பாவம், தலை சுத்தியிருக்கும்.”

வெல்டா முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். தலை சுற்றுகிறவர் தடம் இப்படி இருக்காது. குதிகால் ஆழமாக அழுந்தியிருந்தது, அசையாமல் நின்ற தடம். பிறகு நேர் எதிராகத் திரும்பி, அங்கேயும் அசையாமல் நின்ற தடம். பிறகு பழைய திசை. பிறகு மறுபடி எதிர்த்திசை. அவள் புத்திக்கு எட்டும் முன்பே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. வலது கை விரல்கள் தாமாகவே தட்டைத் திருப்புகிற பொத்தானைத் தேடி அசைந்தன.

“அவருக்கு நம்ம சத்தம் கேட்டிருக்கு,” என்றாள்.

“கேட்டா ஏன் பதில் சொல்லல?”

“சட்டம். கேட்ட உடனே பதில் சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும். சத்தம் நிக்கணும்.” அவள் அந்தத் தடங்களைக் காட்டினாள். “நிக்கலையே ஹார்லன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாம கத்திக்கிட்டே இருந்தோம். குப்பைன்னு தள்ளிட்டுப் போயிட்டாரு.”

தடம் அங்கிருந்து மேட்டை நோக்கிப் போயிருந்தது. சத்தத்தை விட்டு விலகி, அமைதியான பக்கமாக.

ஓக்கி தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். “அடப் பாவி மனுஷா,” என்றான்.

“எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் வெல்டா. “சைரன், வண்டி, ஒலிபெருக்கி, நாய், எல்லாம். ஒரு ஈ பறக்கக் கூடாது.”

ஹார்லனுக்கு முகம் மாறிவிட்டது. “வெல்டாம்மா, காணாமப் போனவங்க கூப்பிடக் கூப்பிட ஒளிஞ்சுக்கிறது உண்டு, நானே பாத்திருக்கேன். ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும். பனி கொட்டப் போகுது. இந்த நேரத்துல தேடறதை நிறுத்தி, அவரு அந்தப் பக்கம் எங்கயாவது விழுந்து கிடந்தாருன்னா? நாளைக்கு உங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அது வெல்டாவுக்கும் தெரியும். அவள் நினைப்பது தவறாக இருந்தால், அவளே அவரைக் கொன்றவளாவாள்.  தடத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

“இந்த ஊரு வாழ்நாள் பூரா அவருக்காக வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு,” என்றாள். “இன்னும் ஒரே ஒரு தடவை பொத்திக்கச் சொல்லுங்க ஹார்லன்.”

ஹார்லன் அவளையே பார்த்தார். பிறகு கீழே இருந்தவர்களிடம் ஆளனுப்பினார்.

அமைதி ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் சைரன் நின்றது. பிறகு ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. தூரத்து முகட்டில் யாரோ விஷயம் தெரியாமல் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடங்கினார்கள். நாய்கள்தான் கடைசி. “இதுங்க வாயை மூடினதா சரித்திரமே இல்ல,” என்று முணுமுணுத்துக்கொண்டே, தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியையும் இறைச்சியையும் ஓக்கி அவற்றுக்குப் பிய்த்துப் போட்டான். தின்றுவிட்டு அவையும் படுத்தன. அதற்குப் பிறகு மலை மட்டும் இருந்தது.

வெல்டா அந்த மலையிலேயே பிறந்தவள். அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. மரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது தனியாகக் கேட்டது. ஊரே மூச்சை அடக்கி நின்றது அதற்குள்ளே இருந்தது. மூடுபனி ஓரிடத்தில் கிழிந்து, கீழே பள்ளத்தாக்கில் அந்த வெள்ளைத் தட்டு தெரிந்தது. அது யாருக்கும் காத்திராமல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, மேகத்துக்கு அப்பால் எதையோ பார்க்க. இத்தனை வருஷம் அதைத் திருப்பியவளுக்கு அது என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை பெரிய இருட்டுக்கு முன்னால், ஒரு சின்னக் குரலுக்காக, சலிக்காமல் அமைதி காப்பது. எத்தனை பெரிய காரியம் அது. பூமியிலிருந்து இரவும் பகலும் போகிற அத்தனை இரைச்சலும் வானத்து வேலியோரம் நிற்கிறவர்களுக்கு எப்படிக் கேட்குமோ என்று நினைத்தாள். எல்லாப் பக்கமும், ஓயாமல், யாரையும் கூப்பிடாமல். அங்கேயும் ஒருத்தர் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்து, மறுபக்கம் திரும்பிப் பார்த்து, நாம் குப்பை என்று எழுந்து போயிருப்பாரோ? அவளுக்குக் கண் நிறைந்தது. பயமும் இல்லை, துக்கமும் இல்லை. அதிலெல்லாம் அடங்காத ஏதோ ஒன்று.

லென் என்றுதான் நாக்கில் வந்தது. உதட்டைக் கடித்து அதை நிறுத்தினாள். அந்தப் பெயரைக் காலையிலிருந்து மலையெங்கும் கொட்டியாயிற்று. இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள்.

“ஹோ... வீட்டுல யாரு?”

குரல் மேட்டில் ஏறிப் போய் மூடுபனிக்குள் கரைந்தது. பதில் இல்லை. ஹார்லன் அவளைப் பார்த்தார். அவள் விரலை உயர்த்தினாள், பொறு என்று. இப்போது அவர் திரும்புவார். அந்தப் பக்கம் பார்ப்பார். அங்கே ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்கவில்லை என்று அவருக்குத் திருப்தியாக வேண்டும். அவர் சீக்கிரம் திருப்திப்படுகிற ஆள் இல்லை, அது வேறு. முதல் பனித்துகள் அவள் கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. ஓக்கி ஒரு நாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். போதும், கூப்பிடு என்று உடம்பெல்லாம் கத்தியது. அவள் இன்னும் பொறுத்தாள். பிறகு நின்ற இடத்தை விட்டு ஓரடி நகராமல், அதே குரலில், அதே இழுப்போடு கூப்பிட்டாள்.

“ஹோ... வீட்டுல யாரு?”

பனி விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. பிறகு, மேட்டுக்கு மேலே, மூடுபனிக்குள்ளிருந்து, நடுங்கினாலும் தெளிவாக ஒரு குரல்.

“நாயைப் பிடிச்சுக்கிட்டேன்... வாங்க.”

ஹார்லன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஓக்கி சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. “அவருகிட்ட ஏது நாய்? இந்த மலையிலேயே நாய் இல்லாத ஒரே மனுஷன் அவருதான்,” என்றான் கிசுகிசுப்பாக.

“நான் மட்டும் போறேன்,” என்றாள் வெல்டா. தன்னோடு கொண்டுவந்திருந்த அவர் கோட்டை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

பெரிய ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தடியில், விழுந்து கிடந்த ஒரு கட்டையின் மேல் லென்னார்ட் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகியிருந்தது. கால் ஈரத்தில் வெளுத்திருந்தது. முகத்தில் மட்டும் அத்தனை வெளிச்சம். இடது கையை இடுப்புக்குக் கீழே முஷ்டியாகப் பிடித்து, முறைக்கிற ஒரு நாயின் கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்திருப்பவர் போல வெறுங்காற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“அங்கயே நில்லுங்க,” என்றார். “கொஞ்சம் கடிக்கிற ஜாதி.”

ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வந்தவள் நின்றாள்.

“காலையிலருந்து ஒரே குப்பை,” என்றார் அவர். “அப்புறம் எல்லாம் நின்னுச்சு. அப்புறம் உங்க குரல். அந்தப் பக்கம் திரும்பினேன், இல்ல. ரொம்ப நேரம் பாத்தேன், இல்ல. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினேன். அதே இடம். அதே குரல்.” அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். “நீங்கதானா?”

நான் வெல்டா, உன் பொண்டாட்டி. தினமும் சொல்கிற வார்த்தை, நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வெளிச்சம் அணைந்து, கலவரம் வந்து, கண் வாசலைத் தேடும். ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் காத்திருந்து வாங்கிய வெளிச்சம் அது. வார்த்தையை விழுங்கினாள்.

“நாங்கதான்,” என்றாள்.

“ரொம்ப தூரத்துலருந்தா?”

“ரொம்ப தூரத்துலருந்து.”

“ஏன் இத்தனை காலமா எங்ககிட்டப் பேசல?”

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தோம். எல்லாரும் ஒண்ணாக் கத்தினதுல உங்களுக்குக் கேக்கல.”

லென்னார்ட் தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார். இவ்வளவுதானா விஷயம், இதற்குத்தானா இத்தனை கேள்வி என்று சந்தோஷமாகச் சிரித்தார். அவள் கிட்டே போய்க் கோட்டைப் போர்த்தினாள். அவர் அசையாமல் இருந்தார். பொத்தான் போடுகிற அவள் விரல்களைக் குனிந்து பார்த்தார்.

“கை எங்க கை மாதிரியே இருக்கு,” என்றார் மெதுவாக. “சுருக்கம்கூட.”

“ஆமா,” என்றாள். “நடக்க முடியுமா? கீழ சூடா காபி இருக்கு.”

“வர்றேன். ஆனா முதல்ல ஒருத்தர்கிட்டச் சொல்லணும். யாருக்கும் முன்னாடி அவளுக்குத்தான் தெரியணும்.”

“யாருக்கு?”

“வெல்டாவுக்கு. என் பொண்டாட்டி. தட்டைத் திருப்பறது அவதான்.” அவர் குரலில் ஒரு குழப்பமும் இல்லை. “ஒரு சத்தமும் வராத வானத்துக்கு முன்னாடி நாற்பது வருஷமா என்கூட உக்காந்திருக்கா. எனக்காவது பைத்தியம். அவளுக்கு என்ன தலையெழுத்து? வெல்டாகிட்டச் சொல்லாம நான் எங்கயும் வர மாட்டேன்.”

வெல்டா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பனி இரண்டு பேர் மேலும் விழுந்தது. 

“அவங்களுக்குத் தெரியும்,” என்றாள். “இப்பத்தான் கேட்டாங்க.”

“அப்படியா? என்ன செஞ்சா?”

“அழுதாங்க.”

“இருக்காது,” என்றார் லென்னார்ட் பெருமையாக. “அவ அழற ஆளே இல்ல.”

“சரி,” என்றாள் வெல்டா. “நாயை விட்டுடுங்க. எங்களுக்குப் பயமில்ல.”

அவர் யோசித்தார். பிறகு இடது முஷ்டியை விரல் விரலாகத் திறந்தார். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். ஊர் இன்னும் வாயைத் திறக்காமல் காத்திருந்தது, இருவரும் கீழே இறங்கினார்கள்.